ஏலக்கூடத்து மாப்பிள்ளை: ஒரு மாஃபியா நகைச்சுவைப் படத்துக்குள் இருக்கும் கணக்கு வழக்கு

1999 ஆகஸ்டில் வெளிவந்த ‘மிக்கி ப்ளூ ஐஸ்’ படத்தைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புக்கு நடுவே சில கேள்விகள் எழும். யாரும் இலவசமாகக்கூட வாங்க மாட்டாத ஓர் ஓவியத்தை நியூயார்க்கின் கொலைகாரக் கும்பல் ஒன்று ஏலத்தில் விற்றே தீர வேண்டும் என்று ஏன் மல்லுக்கட்டுகிறது? அதை வாங்கப்போவதும் அவர்கள் ஆள்தான் என்றால், சொந்தப் பணத்தையே சுற்றி வளைத்து வாங்கிக்கொள்ள ஏல நிறுவனத்துக்குக் கமிஷன் வேறு கொடுப்பானேன்? மாட்டிக்கொண்ட அந்த மனிதன் நேரே போலீசுக்குப் போயிருந்தால் படம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்காதா?

படம் இவற்றுக்கெல்லாம் நின்று பதில் சொல்லாமல் ஓட்டமாக ஓடிவிடுகிறது. நகைச்சுவைப் படத்தின் வேலை அதுதான். ஆனால் அந்த ஓட்டத்துக்கு அடியில் இருக்கும் சட்டமும் கணக்கும் பெரும்பாலும் உண்மையானவை. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், அப்பாவி ஒருவன் தற்செயலாகக் கும்பலில் சிக்கினான் என்ற வழக்கமான விளக்கம் தவறு என்று தெரியும். கும்பலிடம் இல்லாத ஒரே சரக்கு அவனிடம் இருக்கிறது: கறைபடாத பெயர்.

கதை, தேவையான அளவுக்கு

மைக்கேல் ஃபெல்கேட் ஓர் ஆங்கிலேயன். நியூயார்க்கில் ஓர் ஓவிய ஏல நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். ஹியூ கிராண்ட் நடித்த பாத்திரம். அவன் காதலிக்கும் ஜீனா பள்ளி ஆசிரியை. திருமணம் என்றதும் அவள் பின்வாங்குகிறாள். காரணம், அவளுடைய தந்தை ஃபிராங்க் இத்தாலிய அமெரிக்க மாஃபியாக்காரர். ‘காட்ஃபாதர்’ படத்தில் மூத்த மகன் சன்னியாக வந்த ஜேம்ஸ் கான்தான் இங்கே மாமனார். இயக்கியவர் கெல்லி மேகின்.

ஃபிராங்கின் தலைவர் வீட்டோ. அவருடைய மகன் ஜானி தன்னை ஓவியன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு சிறு உதவி, அதற்கு ஒரு பதில் உதவி என்று ஜானியின் ஓவியம் ஏலக்கூடத்துக்கு வந்து சேர்கிறது. அதன்பின் எஃப்.பி.ஐ. வருகிறது, எதிர்பாராத ஒரு மரணம் வருகிறது, மைக்கேல் கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்த ‘நீலக்கண் மிக்கி’ என்ற தாதாவாக வேஷம் கட்ட நேர்கிறது. கடைசியில் திருமண விருந்தில் போலிக் கொலை நாடகம் ஒன்றும் நடக்கிறது.

கறுப்புப் பணம் வேறு, கழுவ வேண்டிய பணம் வேறு

நம் பேச்சு வழக்கில் எல்லாமே கறுப்புப் பணம்தான். இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

கறுப்புப் பணம் என்பது பெரும்பாலும் நேர்மையான தொழிலில் சம்பாதித்து, வரி கட்டாமல் ஒளித்த பணம். நிலத்தைப் பாதி விலைக்குப் பதிவு செய்துவிட்டு மீதியைக் கையில் வாங்குகிறவர் செய்வது அது. அங்கே வருமானத்துக்கு வழி உண்டு, கணக்குதான் இல்லை.

குற்றப் பணம் நேர் எதிர். போதைப்பொருள், கந்துவட்டி, சூதாட்டம், மிரட்டிப் பறித்தது என்று வந்த பணத்துக்கு வெளியே சொல்லும்படி எந்த வழியும் இல்லை. அந்தப் பணத்தை வைத்திருப்பவர் வரி கட்டத் தவியாய்த் தவிக்கிறார். வரி கட்டிய ரசீதுதான் அவருக்கு வேண்டியது. ‘இது நான் இப்படிச் சம்பாதித்தது’ என்று ஒரு கதை வேண்டும். அந்தக் கதைக்கு மூன்றாம் மனிதர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அந்தக் கதையை உண்டாக்கும் வேலைக்குத்தான் பணச்சலவை என்று பெயர்.

கதை இல்லாத பணம் என்ன செய்யும் என்பதற்குச் சிகாகோ தாதா அல் கபோனின் வழக்கு நிரந்தர உதாரணம். 1931இல் அவருக்கு 11 ஆண்டுச் சிறை கிடைத்தது கொலைக்காக அல்ல, வருமான வரி ஏய்ப்புக்காக. செலவு செய்தது கண்ணுக்குத் தெரிந்தது. வருமானம் தாளில் இல்லை. (கபோன் சலவைக் கடைகள் நடத்தியதால் பணச்சலவை என்ற பெயர் வந்தது என்பது நன்றாகச் சொல்லப்படும் கட்டுக்கதை. அந்தச் சொல் செய்தித்தாள்களில் பரவலானது 1973 வாக்கில், வாட்டர்கேட் ஊழலோடுதான்.)

சலவை மூன்று படிகளில் நடக்கும் என்று புலனாய்வாளர்கள் பிரிப்பார்கள்.

1. உள்ளே நுழைத்தல். கட்டுக்கட்டான ரொக்கத்தை எப்படியாவது வங்கிக்குள் சேர்ப்பது. இதுதான் மிகக் கடினமான படி. 1970இன் வங்கி இரகசியச் சட்டப்படி 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் செலுத்தினால் வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்குப் பயந்து 9,000, 9,500 என்று உடைத்துப் போடுவதும் 1986 முதல் தனிக் குற்றம்.

2. தடம் கலைத்தல். உள்ளே வந்த பணத்தைக் கணக்குக்குக் கணக்கு, நாட்டுக்கு நாடு, பொருளுக்குப் பொருள் மாற்றி, ஊற்று எது என்று தெரியாமல் ஆக்குவது.

3. ஊரோடு கலத்தல். சுற்றி முடித்த பணம் சம்பளமாக, லாபமாக, விற்பனை வருமானமாக உரிமையாளரிடமே திரும்புவது.

ஃபிராங்குக்கு ஓர் உணவகம் இருக்கிறது என்பதைப் படம் அலங்காரமாகக் காட்டுகிறது. ஆனால் முதல் படிக்கு உணவகத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நாளுக்கு 40 பேர் சாப்பிட்ட இடத்தில் 90 பேர் சாப்பிட்டதாக எழுதினால், 50 பேரின் பில் தொகை அளவுக்குக் கள்ள ரொக்கம் கல்லாப்பெட்டி வழியாக வங்கிக்குப் போய்விடும். வரி அதிகாரிகள் இதைப் பிடிக்கும் விதமும் சுவாரசியமானது. பில் புத்தகத்தை மட்டும் நம்ப மாட்டார்கள். சலவைக்குப் போன கைத்துணிகளை எண்ணுவார்கள். 90 பேர் சாப்பிட்ட இடத்தில் 40 துணி மட்டும் அழுக்கானால் மீதி 50 பேர் எதில் வாய் துடைத்தார்கள்? உண்மையான சலவைக் கணக்கு பணச்சலவைக் கணக்கைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உணவகம் முதல் படி. ஏலக்கூடம் இரண்டாவதும் மூன்றாவதும்.

அசிங்கமான ஓவியம்தான் வேண்டும்

ஏலத்தில் நான்கு பேர் உண்டு: பொருளைக் கொடுப்பவர், ஏலம் விடும் நிறுவனம், கை தூக்குபவர்கள், கடைசியில் வாங்குபவர். விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பதை நிறுவனம் வெளியே சொல்வதில்லை. விற்பவருக்கே வாங்கியவர் பெயர் தெரியாமல் போவதுண்டு. இடைத்தரகர்கள் வழியாக வந்தால் நிறுவனத்துக்கே தெரியாமலும் போவதுண்டு. வறுமையால் குடும்பச் சொத்தை விற்கும் பிரபுக்களின் மானம் காக்கப் பிறந்த மரபு இது. அது வேறு பலருடைய மானத்தையும் காத்துவிட்டது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கும்பலின் ஓவியம் 50,000 டாலருக்குச் சுத்தியல் தட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் வந்த காலத்தில் பெரிய ஏல நிறுவனங்கள் முதல் 50,000 டாலருக்கு வாங்குபவரிடம் 15 விழுக்காடு கட்டணம் வசூலித்தன.

1. கும்பலின் ஆள் கட்டுவது: 50,000 + 7,500 = 57,500 டாலர்.
2. விற்பவரிடம் நிறுவனம் 10 விழுக்காடு கமிஷன் எடுப்பதாகக் கொண்டால், ‘ஓவியர்’ ஜானிக்குக் கிடைப்பது: 45,000 டாலர்.
3. அதற்கு 30 விழுக்காடு வருமான வரி என்று வைத்தால் 13,500 போய், கையில் நிற்பது: 31,500 டாலர்.

கொடுத்தது 57,500, கிடைத்தது 31,500. நூறு டாலரில் 45 டாலர் கரைந்துவிட்டது. வியாபாரியின் கண்ணுக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் முன்னே இருந்த 57,500 டாலரில் ஒரு வீடு வாங்கப் போனால் கைவிலங்கு வரும். பின்னே வந்த 31,500 டாலருக்குக் காசோலை இருக்கிறது, நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது, ஏலப் பட்டியலில் அச்சான ஓவியத்தின் படம்கூட இருக்கிறது. வெளுப்பதற்குக் கூலி 26,000 டாலர்.

ஜானியின் ஓவியம் ஏன் கேவலமாக இருக்க வேண்டும்? சிரிப்புக்காக மட்டும் அல்ல. நல்ல ஓவியம் என்றால் உண்மையான ரசிகர்கள் போட்டிக்கு வந்துவிடுவார்கள். விலை கும்பலின் கையை மீறிவிடும். கூடத்தில் விவரம் தெரியாத ஒரு மூதாட்டி மனமாரப் பிடித்துப்போய்க் கடைசிவரை கை தூக்கிவிட்டால் என்ன ஆகும்? ஜானிக்குக் காசோலை வரும். ஆனால் அது மூதாட்டியின் நல்ல பணம். வெளுக்க வேண்டிய 57,500 டாலர் அழுக்காகவே கிடக்கும். ஓவியம் நிஜமாக விற்றுப்போவதுதான் இந்தத் திட்டத்துக்கு நேரும் ஒரே விபத்து. யாருக்கும் பிடிக்காத ஓவியம், யாராலும் மறுக்க முடியாத விலை. இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் சந்தை உலகத்தில் அதிகம் இல்லை. 50,000 டாலருக்கு உருளைக்கிழங்கு வாங்கினால் எடை போட்டுப் பார்க்கலாம். ஓவியத்தின் விலைக்கு அளவுகோல் ஏது? ‘அவருக்குப் பிடித்திருந்தது’ என்ற பதிலுக்கு மேல் எந்த நீதிமன்றமும் குறுக்கு விசாரணை செய்துவிட முடியாது.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கும்பல் ரொக்கமாகக் கட்டினால் இது நடக்காது. அமெரிக்காவில் எந்த வணிக நிறுவனமும் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வாங்கினால் 8300 என்ற எண்ணுள்ள படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். எண்பதுகளின் நடுவிலிருந்தே இருக்கும் விதி. ஆகவே பணம் முதலில் வங்கிக்குள் போயிருக்க வேண்டும். உணவகம் இல்லாமல் ஏலக்கூடம் இல்லை.

‘கல்யாணம்’ என்ற தொழில்முறைச் சொல்

மைக்கேலைக் கும்பல் துப்பாக்கி காட்டி இழுப்பதில்லை. உதவி செய்து இழுக்கிறது. இதுவும் நியூயார்க்கின் உண்மை நடைமுறையே.

அந்நகரின் ஐந்து மாஃபியா குடும்பங்கள் (காம்பினோ, ஜெனோவீஸ், லுக்கேசி, கொலம்போ, பொனானோ) பல பத்தாண்டுகள் சம்பாதித்ததில் பெரும்பங்கு வங்கிக் கொள்ளையில் வந்ததல்ல. மீன் சந்தை, கான்கிரீட், குப்பை அள்ளுதல், துணி ஏற்றிச் செல்லும் லாரிகள் போன்ற சாதாரணத் தொழில்களின் கழுத்துப் பகுதியைப் பிடித்துக்கொண்டு சம்பாதித்தவை. ஆயத்த ஆடைத் தொழிலில் தையல் கூடம் ஒவ்வொன்றும் இன்ன லாரிக்காரரிடம்தான் சரக்கு ஏற்ற வேண்டும் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. அந்தக் கட்டுக்கு அந்தத் தொழிலில் வழங்கிய பெயரே ‘கல்யாணம்’. விவாகரத்துக்கு வழியில்லாத கல்யாணம். மாநிலப் போலீசார் தாங்களே ஒரு தையல் கூடம் திறந்து மாதக்கணக்கில் துணி தைத்துத்தான் இதை நிரூபிக்க முடிந்தது. 1992இல் காம்பினோ சகோதரர்கள் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1.2 கோடி டாலர் அபராதம் கட்டி, அந்த லாரித் தொழிலைவிட்டே விலகினார்கள்.

இந்தக் கட்டில் இருந்த தையல் கூடக்காரரை என்னவென்று அழைப்பது? பாதிக்கப்பட்டவர் என்றா, கூட்டாளி என்றா? லாரிக்குக் கூடுதல் கூலி கொடுத்தவரும் அவர்தான். தொழிற்சங்கத் தொல்லை வராமல் அதே லாரிக்காரரின் தயவால் பிழைத்தவரும் அவர்தான். மைக்கேலின் நிலை இதே கோட்டில்தான் நிற்கிறது. மாமனார் வீட்டுச் சாப்பாடு, மாமனாரின் தலைவர் செய்த உதவி, அதற்குப் பதிலாக ஏலப் பட்டியலில் ஓர் ஓவியம். எந்த இடத்தில் கோட்டைத் தாண்டினான் என்று அவனாலேயே சொல்ல முடியாது.

‘நம் நண்பர்’: கன்சாஸ் சிட்டி வேஷம்

படத்தின் அதிகச் சிரிப்பு, நல்ல ஆங்கிலம் பேசும் மைக்கேல் தாதாக்களின் உச்சரிப்பைத் தொண்டையில் வரவழைக்கப் படும் பாட்டில் இருக்கிறது. நடைமுறையில் அவனைக் காட்டிக்கொடுத்திருப்பது உச்சரிப்பு அல்ல, அறிமுக விதி.

மாஃபியாவில் சடங்கு செய்து உறுப்பினரான ஒருவர், இன்னோர் உறுப்பினரிடம் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது. இருவரையும் அறிந்த மூன்றாவது உறுப்பினர் வேண்டும். அவர் சொல்லும் வாசகத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ‘இவர் என் நண்பர்’ என்றால் வெளியாள். இவர் எதிரில் தொழில் பேசாதே. ‘இவர் நம் நண்பர்’ என்றால் உள்ளாள். ஆங்கிலத்தில் ‘நம்’ என்றும் ‘எங்கள்’ என்றும் வேறுபாடு இல்லாததால் அவர்கள் இதை ஒரு தனிச் சங்கேதமாக உருவாக்க வேண்டியிருந்தது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நம்’ தமிழில் இலக்கணமாகவே இருக்கிறது.

கன்சாஸ் சிட்டியைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. அங்கே சிவெல்லா குடும்பம் என்ற உண்மையான மாஃபியா இருந்தது. லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளில் எண்ணும் அறையிலிருந்தே பணத்தை உருவியதாக எண்பதுகளில் நடந்த வழக்குகளால் அதன் பெயர் நாடெங்கும் தெரியும். பெயர் தெரியும், முகம் தெரியாது. வேஷம் கட்டுகிறவனுக்கு வேண்டியது அதுதான். ஆனால் உறுதி சொல்லும் மூன்றாமவர் பொய் சொன்னால், வேஷக்காரனோடு அவர் உயிரும் போகும். மாமனார் ஃபிராங்க் அந்த மேசையில் வைத்த பந்தயம் மருமகனின் உயிர் மட்டும் அல்ல.

இது கற்பனைக்கு எட்டாத வேஷமும் அல்ல. எஃப்.பி.ஐ. அதிகாரி ஜோசப் பிஸ்டோன் ‘டோனி பிராஸ்கோ’ என்ற பெயரில் நகைத் திருடனாக 1976 முதல் 1981 வரை பொனானோ குடும்பத்துக்குள் வாழ்ந்தார். அவர் யார் என்பது வெளியானபோது, அவரைச் சேர்த்துக்கொண்ட டொமினிக் நபோலிடானோ கொல்லப்பட்டார்.

ஏன் போலீசுக்குப் போகவில்லை?

பார்வையாளர்கள் அதிகம் எரிச்சலடையும் இடம் இது. மைக்கேல் வாய் திறந்தால் கும்பல் கொல்லும் என்பது பாதிப் பதில். மீதிப் பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

1. பணச்சலவையைத் தனிக் குற்றமாக்கிய 1986ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஆண்டு வரை சிறை தருகிறது. பணம் எந்தக் குற்றத்தில் வந்தது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏதோ ஒரு குற்றத்தில் வந்தது என்று தெரிந்தால் போதும்.

2. ‘எனக்குத் தெரியாது’ என்பதும் எளிதில் செல்லாது. தெரிந்துவிடுமோ என்று பயந்து வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவரை, தெரிந்தவராகவே நடத்த நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. மாமனாரின் தொழில் என்ன என்று காதலியே அழுதுகொண்டு சொன்ன பிறகு, ஏலத்தில் அந்தக் குடும்பத்துப் பையனின் ஓவியத்தை ஏற்றுகிறவன் இந்த வாதத்தைக் கொண்டுவந்தால் ஜூரிகள் சிரிப்பார்கள்.

3. ‘மிரட்டினார்கள், செய்தேன்’ என்பது ஒரு தற்காப்பு வாதம்தான். ஆனால் மிரட்டல் உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்தாக இருக்க வேண்டும்; தப்பிக்க நியாயமான வழி ஏதும் இருந்திருக்கக் கூடாது; அந்தச் சூழலுக்குள் தானே அசட்டையாகப் போய் விழுந்திருக்கவும் கூடாது. போலீஸ் நிலையம் நான்கு தெரு தள்ளி இருக்கும்போது இரண்டாவது நிபந்தனையே இடிக்கும். மேலும், மிரட்டல் இருந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையதே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006இல் தெளிவாக்கியது.

4. மரணம் நேர்ந்த பிறகு அதை மறைத்தது தனி வழக்கு. நேர்ந்தது விபத்தே என்றாலும், மறைத்தது விபத்து அல்ல.

ஆக, மைக்கேல் போலீஸ் நிலையத்துக்குப் போகும்போது புகார்தாரராகப் போவதாக நினைப்பான். உள்ளே அவனுக்குக் கிடைப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் நாற்காலி. இதை அரசு வழக்கறிஞர்கள் நன்றாக அறிவார்கள். அந்த நாற்காலியைக் காட்டித்தான் அடுத்த பேரத்தைத் தொடங்குவார்கள்.

சட்டைக்குள் மைக்: அரசுக்கும் அதே ஆள் தேவை

மாஃபியா தலைவர் யாரையும் தன் கையால் கொல்வதில்லை. கட்டளையும் தெளிவாகச் சொல்வதில்லை. ஒரு பெருமூச்சு, ஒரு தலையசைப்பு. இதை உடைக்கத்தான் 1970இல் ரிக்கோ என்று சுருக்கமாக வழங்கும் சட்டம் வந்தது. வரைந்தவர் ராபர்ட் பிளேக்கி. ஒரு தனிக் குற்றத்தை நிரூபிப்பதைவிட, ஓர் அமைப்பு இருக்கிறது, அதன் பெயரால் பத்தாண்டுக்குள் குறைந்தது இரண்டு குற்றங்கள் ஒரே போக்கில் நடந்தன என்று நிரூபித்தால் போதும். தலைவரும் மாட்டுவார்.

ஆனால் அமைப்பு இருக்கிறது என்று யார் சாட்சி சொல்வது? உறுப்பினர் வாய் திறக்க மாட்டார். ஆகவே ஒலிப்பதிவு. லுக்கேசி குடும்பத் தலைவர் பயணம் செய்த ஜாகுவார் காரின் டாஷ்போர்டில் 1983இல் மைக் வைத்தார்கள். அந்த வகைப் பதிவுகளின் பலத்தில்தான் 1986 நவம்பரில் ஐந்து குடும்பங்களின் ஆட்சிக் குழு வழக்கில் குற்றம் உறுதியானது; 1987 ஜனவரியில் தலைவர்களுக்கு 100 ஆண்டுச் சிறை. காம்பினோ தலைவர் ஜான் காட்டி, தன் கும்பல் கூடும் கிளப்புக்கு மேல்மாடியில் ஒரு விதவையின் வீட்டில் உட்கார்ந்து பேசியதெல்லாம் 1989இல் பதிவாகி, 1992இல் அவரை வாழ்நாள் சிறைக்கு அனுப்பியது.

யாருக்கும் தெரியாமல் ஓர் இடத்தில் மைக் வைக்க 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதியின் ஆணை வேண்டும். அதற்குப் பக்கம் பக்கமாகக் காரணம் எழுத வேண்டும். ஆனால் பேச்சில் கலந்துகொள்ளும் இருவரில் ஒருவர் சம்மதித்தால் கூட்டாட்சிச் சட்டப்படி ஆணையே தேவையில்லை. மைக்கேல் தலையசைத்துச் சட்டைக்குள் மைக்கை ஒட்டிக்கொண்டால் போதும்; வீட்டோ அவனிடம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நீதிமன்றத்துக்குப் போகும். எஃப்.பி.ஐ. அவனைச் சுற்றி வருவது பரிவினால் அல்ல.

கும்பலுக்கு அவன் பெயர் சுத்தமானது என்பதால் வேண்டும். அரசுக்கும் அதே காரணத்துக்காக வேண்டும்: வழக்கமான அரசுத் தரப்புச் சாட்சி பத்தொன்பது கொலை செய்தவனாக இருப்பான். காட்டிக்கு எதிராகச் சாட்சி சொன்ன அவருடைய துணைத் தலைவர் சால்வடோர் கிரவானோ ஒப்புக்கொண்ட கொலைகளின் எண்ணிக்கை அதுதான். ஜூரிகள் முன் ஓர் ஏலக்காரன், அதுவும் ஹியூ கிராண்ட் முகத்தோடு, சாட்சிக் கூண்டில் ஏறினால் எந்த அரசு வழக்கறிஞருக்கு வாய் ஊறாது?

அதன்பின் சாட்சிப் பாதுகாப்பு. 1971இல் தொடங்கி இதுவரை 19,000 பேருக்கு மேல், சாட்சிகளும் குடும்பத்தாருமாக, புதுப் பெயரில் புது ஊரில் குடியேற்றப்பட்டிருக்கிறார்கள். இதில் பெரும்பாலான சாட்சிகள் முன்னாள் குற்றவாளிகளே. மாப்பிள்ளைக்கு இதன் பொருள் வேறு. அவனுடைய ஒரே சொத்தான அந்த நல்ல பெயரைத்தான் அரசு முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும். சின்ன ஊர் ஒன்றில், வேறு பெயரில், ஏலத் தொழில் பக்கமே போகாமல் வாழ வேண்டும். படம் போலிக் கொலை நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் திரைக்கதை வசதி மட்டும் காரணம் அல்ல என்றே தோன்றுகிறது.

உண்மையான ஏலக்காரர்கள் அப்போது செய்துகொண்டிருந்தது

மாஃபியாவைப் பார்த்துச் சிரிக்க 1999இல் முடிந்தது என்றால், அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டு வழக்குகள் அதன் பல்லைப் பிடுங்கியிருந்தன என்பது ஒரு காரணம். அதைப் பலரும் எழுதியாயிற்று. அதிகம் பேசப்படாத வேடிக்கை வேறொன்று.

படம் திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், உலகின் இரண்டு பெரிய ஏல நிறுவனங்களான சோத்பிஸும் கிறிஸ்டீஸும் விற்பவர்களிடம் வாங்கும் கமிஷனை இரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு வசூலித்து வந்தன. 1993இல் தொடங்கிய பேச்சு. 2000 ஜனவரியில் கிறிஸ்டீஸ் தானே ஆவணங்களைக் கொடுத்துத் தண்டனையிலிருந்து தப்பியது. இரண்டும் சேர்ந்து வாடிக்கையாளர்களுக்கு 51.2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. சோத்பிஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மன் சிறைக்குப் போனார். முதலில் ஓடிப்போய்ச் சொன்னவர் தப்பினார், மௌனம் காத்தவர் உள்ளே போனார். ஐந்து குடும்பங்களின் கதையும் இதே விதியில்தான் முடிந்தது. கும்பல் வந்து ஏலக்கூடத்தைக் கெடுத்ததாகப் படம் சொன்னபோது, கூடத்துக்காரர்கள் யாருடைய உதவியும் தேவைப்படாமல் இருந்தார்கள்.

இன்று அந்த ஓவியம் வந்தால்

மைக்கேல் காலத்தில், ரொக்கத்துக்கான 8300 படிவத்தைத் தவிர, ‘இந்தப் பணம் எங்கிருந்து வந்தது’ என்று கேட்க வேண்டிய சட்டக் கடமை அமெரிக்க ஏலக்காரருக்கு இல்லை. வங்கிக்கு உண்டு, சூதாட்ட விடுதிக்கு உண்டு. ஓவியம் விற்பவருக்கு இல்லை.

இதன் விளைவுகள் நகைச்சுவையாக இருக்கவில்லை. பிரேசிலில் திவாலான ஒரு வங்கியின் தலைவருக்குச் சொந்தமாயிருந்த, அமெரிக்க ஓவியர் பாஸ்கியாவின் ஓவியம் ஒன்று 2007இல் அமெரிக்காவுக்குள் வந்தபோது சுங்கத் தாளில் காட்டிய மதிப்பு 100 டாலர். உண்மை மதிப்பு சுமார் 80 லட்சம் டாலர். 2020இல் அமெரிக்க மேலவைத் துணைக்குழு ஒன்றின் விசாரணை, பொருளாதாரத் தடைப்பட்டியலில் இருந்த ரஷ்யத் தொழிலதிபர்களோடு தொடர்புள்ள நிறுவனங்கள் இடைத்தரகர் வழியாக 1.8 கோடி டாலருக்கு மேல் ஓவியங்கள் வாங்கியதைக் கண்டது. ஏல நிறுவனங்கள் இடைத்தரகரையே வாங்குபவராக எழுதிக்கொண்டிருந்தன.

அதன்பின் 2021 தொடக்கத்தில் நிறைவேறிய சட்டம் தொல்பொருள் வணிகர்களை வங்கி இரகசியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஓவியங்களைப் பற்றி ஆராயும்படி மட்டும் சொன்னது. கருவூலத் துறை 2022 பிப்ரவரியில் ஆராய்ந்து, ஆபத்து உண்டு, ஆனால் அதைவிட அவசரமான துறைகள் இருக்கின்றன என்று முடித்தது. பெரிய நிறுவனங்கள் தாமாகவே வாடிக்கையாளரை விசாரிக்கின்றன. ‘தாமாகவே’ என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டிய சொல்.

ஐரோப்பாவின் ஐந்தாவது பணச்சலவைத் தடுப்பு ஆணை வேறு வழியில் போனது. 2020 ஜனவரியிலிருந்து 10,000 யூரோவோ அதற்கு மேலோ மதிப்புள்ள கலைப்பொருள் விற்பனையில் வாடிக்கையாளர் யார், அவருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று சரிபார்ப்பது கட்டாயம். பிரிட்டனும் அதைச் சட்டமாக்கி, கலை வணிகர்கள் வரித்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்றது. மைக்கேல் இந்த வேலையை இன்று லண்டனில் பார்த்துக்கொண்டிருந்தால், வருங்கால மாமனாரின் தலைவரிடம் கடவுச்சீட்டு நகலும் முகவரிச் சான்றும் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் தோன்றினால் தேசியக் குற்றத் தடுப்பு முகமைக்கு எழுத வேண்டும். எழுதியதை வீட்டோவிடம் சொன்னால் அதுவே தனிக் குற்றம்.